திருடன் ஒளிந்தால் அடி யாருக்கு?

வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த முதல் வாரத்தில் எல்லா வீடுகளிலும் நடப்பதுதான் ஆவுடையார்கோவிலில் என் அக்கா வீட்டிலும் நடந்தது. படிப்புக்கென்று வாங்கினார்கள். அதில் முதலில் ஓடியது கேம். அக்கா மகன் கல்லூரியில் முதல் ஆண்டு. பள்ளி நண்பர்கள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துவிட்டதால், இரவில் இன்டர்நெட் வழியாக ஒன்றுகூடி ஒரு ரோல் பிளேயிங் கேம் ஆடுகிறார்கள். இவனும் சேர்ந்துகொண்டான். அதில் இவன் எடுத்த வேடம் திருடன்.

"கடன் வாங்கி கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தா, திருடனா இருக்கேங்குறான். நீயே வந்து என்னன்னு கேளு தம்பி" என்று அக்கா போன் செய்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். பையனிடம் கேட்டால் அவன் குறை வேறாக இருந்தது.

"மாமா, என்னை யாருமே பார்ட்டில வச்சுக்க மாட்டேங்குறாங்க. நேத்து மட்டும் ரெண்டு தடவை தூக்கிட்டாங்க. அதிகமா அடிக்கிறதே நான்தான். பொறாமை மாமா."

பொறாமை இல்லை. அவன் பின்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தப்பைத்தான் அவனும் செய்துகொண்டிருந்தான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, புதிதாக ஆன்லைன் கேமில் நுழைந்து, "திருடன் நன்றாக இருக்கிறானே" என்று எடுக்கும் எல்லோருமே செய்யும் தப்பு அது. அதனால் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை

ரோல் பிளேயிங் கேம் என்றால் வேடம் போட்டு ஆடுவது. நீங்கள் ஒரு கேரக்டரை உருவாக்குகிறீர்கள். அது வாள் வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, வைத்தியம் செய்பவராகவோ இருக்கலாம். இந்த வகைகளுக்குத்தான் கிளாஸ் என்று பெயர். எதிரிகளைக் கொன்றால் அனுபவப் புள்ளி கிடைக்கும். புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். பெரிய எதிரியைத் தனி ஆளாக வீழ்த்த முடியாது என்பதால், நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாகப் போவார்கள். அதுதான் பார்ட்டி.

பார்ட்டியில் மூன்று வேலைகள் உண்டு. முன்னால் நின்று அடி வாங்குபவர் டேங்க். கனமான கவசம் போட்டிருப்பார், உயிரும் அதிகம். அவருக்கும் மற்றவர்களுக்கும் உயிரை ஏற்றிக்கொண்டே இருப்பவர் ஹீலர். எதிரியை அடித்துச் சாய்ப்பவர்கள் மற்றவர்கள். திருடன் இந்த மூன்றாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். கையில் கத்தி, உடம்பில் மெல்லிய தோல் சட்டை. வேகம் உண்டு, ஒளியத் தெரியும், பின்னாலிருந்து குத்தினால் பலத்த காயம். ஆனால் எதிரி திரும்பி நாலு அடி கொடுத்தால் கீழே விழுந்துவிடுவான்.

இந்த வகை நேற்று வந்ததல்ல. கம்ப்யூட்டர் இல்லாமல் தாளும் பகடையும் வைத்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டு 1974ல் அமெரிக்காவில் வந்தது. அதன் இணைப்பு நூலாக 1975ல் வந்த கிரேஹாக்கில்தான் திருடன் ஒரு தனி வகையாகச் சேர்க்கப்பட்டான். பூட்டுத் திறப்பது, பொறிகளை அகற்றுவது, ஓசையில்லாமல் நடப்பது, பின்னாலிருந்து குத்தினால் இரு மடங்கு காயம் ஆகிய எல்லாம் அப்போதே வந்துவிட்டன. 1999ல் வந்த எவர்குவெஸ்ட், 2002ல் வந்த ரக்னராக் ஆன்லைன், அதே ஆண்டு ஜப்பானில் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 11, 2004ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று பெயர் பெற்ற ஆன்லைன் கேம்கள் பலவற்றிலும் அதே ஆள் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறான்.

அறந்தாங்கியில் நான் செய்த தப்பு

2000களில் ரக்னராக் ஆன்லைனை லெவல் அப் என்ற நிறுவனம் இந்தியாவுக்கென்று தனி சர்வர் வைத்து நடத்தியது. பிறகு அது மூடப்பட்டுவிட்டது. கொரியாவில் கிராவிட்டி நிறுவனம் உருவாக்கிய கேம் அது. பார்க்க கார்ட்டூன் மாதிரி இருக்கும். சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும். அப்போது வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆவுடையார்கோவிலிலிருந்து பஸ் பிடித்து அறந்தாங்கி போய், அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடுவோம். பக்கத்துப் பக்கத்துக் கேபினில் மூன்று பேர். நான் திருடன். ஒருவன் வாள் வீரன். இன்னொரு நண்பர் எங்களைவிட இரண்டு வயது மூத்தவர், அகோலைட் எடுத்திருந்தார். அகோலைட் என்றால் ஹீலர்.

அந்த கேமில் திருடனின் பலம் அடியைத் தாங்குவதில் இல்லை, அடியில் சிக்காமல் விலகுவதில் இருக்கிறது. அதற்கு ஃப்ளீ என்று ஒரு கணக்கு. வேகத்தை ஏற்ற ஏற்ற அது கூடும். நான் வேகத்தை மட்டுமே ஏற்றி வைத்திருந்தேன். ஓர் எதிரி அடித்தால் பத்தில் ஒன்பது அடி காற்றில் போகும். "என்னை யாரும் தொட முடியாது" என்ற நினைப்பு வந்துவிட்டது.

பயோன் குகை என்று ஓர் இடம். உள்ளே ஜாம்பிகள். வாள் வீரன் வருவதற்குள் நான் முன்னால் ஓடி ஐந்து ஜாம்பிகளை இழுத்துக்கொண்டு வந்தேன். மூன்று பேரும் சேர்ந்து அடித்தால் புள்ளி சீக்கிரம் ஏறுமே என்ற எண்ணம். நான் அறியாமல் இருந்த விஷயம் ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு எதிரி வரைக்கும்தான் ஃப்ளீ முழுதாக வேலை செய்யும். அதற்கு மேல் சேரும் ஒவ்வோர் எதிரிக்கும் 10 சதவீதம் குறையும். ஐந்து பேர் சூழ்ந்தால் 30 சதவீதம் போய்விடும். காற்றில் போன அடியெல்லாம் என் மேல் விழ ஆரம்பித்தது.

பயந்துபோய் ஒளியும் ஸ்கில்லை அழுத்தினேன். தரைக்குள் மறைந்தேன். ஜாம்பிகள் என்னை விட்டன. எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அவை போகவில்லை. என்னைக் காப்பாற்ற ஓடி வந்து பின்னால் நின்ற அகோலைட்டை ஐந்தும் சூழ்ந்தன. அவர் செத்தார். செத்தால் அந்த லெவலுக்கு வேண்டிய புள்ளியில் 1 சதவீதம் போகும். சேமித்து வைத்த ஊரிலிருந்து மறுபடி நடந்து வர வேண்டும். அன்று மாலை மட்டும் அவர் மூன்று முறை செத்தார். மூன்று முறையும் நான் ஒளிந்தேன். என் கேரக்டர் ஒரு முறைகூடச் சாகவில்லை.

சென்டரிலிருந்து வெளியே வந்தபோது அவர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "நீ நல்லா ஆடுற தம்பி. தனியா ஆடு" என்றார். அடுத்த வாரத்திலிருந்து வேறு நேரத்தில் வர ஆரம்பித்துவிட்டார். அவர் இருபது ரூபாயை எண்ணி எண்ணிக் கொண்டு வருபவர் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அடி எங்கே போகிறது?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். திருடனின் எந்த வித்தையும் ஆபத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. நீங்கள் ஒளிந்தால் அடி வேறொருவர் மேல் விழுகிறது. நீங்கள் பலமாகக் குத்தினால் டேங்கின் மேல் இருந்த எதிரி உங்கள் பக்கம் திரும்புகிறது. ஆகவே எந்தப் பட்டனை அழுத்தும் முன்பும் கேட்க வேண்டிய கேள்வி, "இதனால் எவ்வளவு அடிப்பேன்?" என்பதல்ல, "இதற்குப் பிறகு எதிரி யார் பக்கம் திரும்பும்?" என்பதுதான்.

எதிரி யாரை அடிக்கும் என்பது குருட்டாம்போக்கில் நடப்பதல்ல. கம்ப்யூட்டர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோபக் கணக்கு வைத்திருக்கிறது. அடித்தாலும் ஏறும், ஹீலர் உயிர் ஏற்றினாலும் ஏறும். டேங்க்குக்கு மட்டும் அந்தக் கோபத்தை வேகமாக ஏற்றிக்கொள்ளும் வழிகள் உண்டு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இந்தக் கணக்கு துல்லியமானது. டேங்கின் கோபப் புள்ளி 1000 என்றால், பக்கத்தில் நின்று அடிக்கும் நீங்கள் 1100ஐத் தாண்டினால் எதிரி உங்கள் பக்கம் திரும்பும். தூரத்தில் நிற்கும் மந்திரவாதிக்கு அந்த எல்லை 1300. அதாவது கத்தி பிடித்தவனுக்கு விட்டுக்கொடுத்திருக்கும் இடம் வெறும் 10 சதவீதம். என் மருமகன் "அதிகமா அடிக்கிறதே நான்தான்" என்று பெருமைப்பட்டானே, அவனைத் தூக்கியதற்குக் காரணமே அதுதான். சண்டை தொடங்கிய முதல் நொடியிலேயே தன் பெரிய குத்தையெல்லாம் இறக்கிவிடுகிறான். டேங்க் இன்னும் ஓர் அடிகூடச் சரியாக அடித்திருக்கமாட்டார்.

ஆகவே முதல் பாடம், பொறுத்திருங்கள். டேங்க் நாலைந்து அடி அடிக்கட்டும். பிறகு தொடங்குங்கள். பெரிய குத்தை நடுவில் வையுங்கள்.

இரண்டாவது, கோபத்தைச் சரியான ஆள் மேல் ஏற்றக் கற்றுக்கொள்ளுங்கள். இதில் நான் பார்த்தவற்றிலேயே அழகான ஏற்பாடு ஃபைனல் ஃபேன்டஸி 11ல் இருக்கிறது. அதில் இந்த வகையின் பெயரே திருடன்தான். 15ஆம் லெவலில் ஸ்னீக் அட்டாக் கிடைக்கும். எதிரியின் முதுகுக்குப் பின்னால் நின்று குத்தினால் பலத்த காயம். 30ஆம் லெவலில் ட்ரிக் அட்டாக் கிடைக்கும். நம் குழு ஆள் ஒருவருக்குப் பின்னால் நின்றுகொண்டு குத்தினால், அந்தக் குத்துக்கான கோபம் முழுவதும் முன்னால் நிற்பவர் பெயரில் எழுதப்படும்.

இரண்டையும் ஒரே குத்தில் சேர்ப்பதுதான் அந்தத் திருடனின் தேர்ச்சி. இப்படி ஒரு நேர்கோட்டைக் கற்பனை செய்து பாருங்கள். முதலில், எதிரியை இழுத்து வந்த ஆள். அவரைப் பார்த்தபடி எதிரி. எதிரியின் முதுகுப் பக்கம் டேங்க். டேங்கின் பின்னால் திருடன். இப்போது குத்தினால் எதிரிக்கு முதுகில் பலத்த காயம். கோபமோ டேங்க் மேல். எதிரி திரும்பி டேங்க்கைப் பிடித்துக்கொள்ளும். இழுத்து வந்தவர் தப்பினார், ஹீலர் தப்பினார், திருடனும் தப்பினான். இதற்கு நாலு பேரும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மூன்று பேர் ஒத்துழைக்காமல் திருடனால் இந்த ஒரு குத்தைக்கூடக் குத்த முடியாது. யாரை நம்பிக் கோபத்தை ஏற்றுகிறோமோ அவரும் தயாராக இருக்க வேண்டும்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் நிறுவனத்தாரும் இதே கருத்துக்கு வந்துசேர்ந்தார்கள். 2008ல் வந்த விரிவாக்கத்தில் ட்ரிக்ஸ் ஆஃப் தி டிரேட் என்ற ஸ்கில்லைக் கொடுத்தார்கள். அதை டேங்க் மேல் போட்டுவிட்டு அடித்தால், சில நொடிகளுக்கு உங்கள் கோபம் அவர் கணக்கில் ஏறும். புதியவர்கள் அதைச் சும்மா வைத்திருப்பார்கள். தன் அடியை அது கூட்டிக் காட்டாததால் அதன் அருமை அவர்களுக்குத் தெரிவதில்லை.

தேரும் முட்டுக்கட்டையும்

மருமகனுக்கு இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப நான் சும்மா நிக்கணுமா மாமா?" என்றான். அவனுக்குப் புரியும்படி ஓர் உதாரணம் சொன்னேன்.

எங்கள் ஊர்த் தேர் பெரியது. தேரோட்டம் என்றால் எல்லோர் கண்ணும் வடம் பிடிப்பவர்கள் மேல்தான் இருக்கும். தேர் நகர்ந்தால் அவர்களுக்குத்தான் ஆரவாரம். ஆனால் சக்கரத்தை ஒட்டி, குனிந்தபடி, கையில் முட்டுக்கட்டையோடு சிலர் நடந்து வருவார்கள். அவர்கள் வடத்தைத் தொடுவதேயில்லை. தேர் ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால், அந்தச் சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்துத் திருப்புவது அவர்கள்தான். நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் அவர்கள்தான். ஒரு நொடி முந்திக் கொடுத்தால் தேர் நின்றுவிடும். ஒரு நொடி பிந்தினால் கையே போய்விடும். எல்லோரையும்விட ஆபத்தான இடத்தில், யார் கண்ணிலும் படாமல், நேரம் பார்த்து வேலை செய்பவர்கள் அவர்கள்.

திருடன் வடம் பிடிக்கும் ஆளல்ல, முட்டுக்கட்டை போடும் ஆள். எதிரி பெரிய மந்திரம் ஒன்றை ஓதத் தொடங்கும்போது ஓர் உதை கொடுத்து அதை நிறுத்துவது, சண்டை தொடங்கும் முன்பே பதுங்கிப் போய்க் கூட்டத்தில் ஒருவனை மயங்க வைப்பது, ஹீலர் பக்கம் ஓடும் எதிரியைச் சில நொடி முடக்குவது, இவையெல்லாம் அவன் வேலை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் கிக் என்று ஓர் உதை இருக்கிறது. அதன் காயம் சொற்பம். ஆனால் சரியான நேரத்தில் அது விழுந்தால் ஐந்து பேரின் உயிர் தப்பும். சாப் என்று இன்னொன்று. நாலு எதிரி நிற்கும் இடத்தில் ஒருவனை மயக்கினால் டேங்க்குக்கு மூன்று பேர்தான் மிச்சம். மயங்கியவனை மட்டும் யாரும் தொடக்கூடாது, அடி பட்டால் விழித்துவிடுவான். அதனால் எவனை மயக்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு அடித்தார்கள் என்று காட்டும் கணக்குப் பட்டியல் ஒன்று வரும். அதில் உதைக்கும் மயக்கத்துக்கும் எண் கிடையாது. இந்தப் பட்டியல்தான் புதிய திருடர்களைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. முதல் இரண்டு மாதங்களுக்கு அதை மூடி வைத்துவிடுங்கள். அதற்குப் பதில் வேறு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று எத்தனை மந்திரத்தை நிறுத்தினேன், ஹீலர் எத்தனை முறை செத்தார். இரண்டாவது எண் பூஜ்யமாக இருந்தால் நீங்கள் நல்ல திருடன்.

பின்னால் என்றால் எங்கே?

"பின்னாலிருந்து அடி" என்று எல்லோரும் சொல்வார்கள், காரணம் சொல்லமாட்டார்கள். பின்னாலிருந்து அடித்தால் காயம் அதிகம் என்பது ஒரு காரணம் மட்டுமே. முன்னால் நின்று அடித்தால் எதிரி ஆயுதத்தால் தட்டிவிடும் வாய்ப்பு உண்டு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய பதிப்பில், பல எதிரிகள் அப்படித் தட்டிவிட்டால் அவற்றின் அடுத்த அடி சீக்கிரம் வரும். அந்த அடி விழுவது உங்கள் மேல் அல்ல, டேங்க் மேல். முன்னால் நின்ற உங்கள் சோம்பலுக்கு அவர் அடி வாங்குகிறார். இதிலும் அடி இடம் மாறுவதைக் கவனியுங்கள்.

அதே சமயம், பின்னால் என்றால் எப்போதும் நேர் பின்னால் அல்ல. அதே கேமில் ஓனிக்ஸியா என்ற டிராகன் இருக்கிறது. முன்னால் போனால் நெருப்பு, பின்னால் போனால் வால். வாலடி பட்டால் தூக்கியெறியப்பட்டு ஓரத்தில் இருக்கும் முட்டைகளுக்குள் போய் விழுவீர்கள். முட்டைகள் பொரிந்து குட்டி டிராகன்கள் கூட்டமாக வரும். அவை உங்களோடு நிற்காது, ஹீலர்களைத் தேடிப் போகும். ஒரு திருடன் இரண்டடி தள்ளி நின்றதால் முழுக் குழுவும் செத்த கதை அந்த கேமை ஆடிய எல்லோரிடமும் இருக்கும். வால் உள்ள எதிரி என்றால் விலாப்பக்கம் நில்லுங்கள்.

ஒளிவதற்கும் எல்லை உண்டு. ரக்னராக்கில் பூச்சி இனம், பேய் இனம், பெரிய பாஸ்கள் ஆகியவற்றின் கண்ணுக்கு ஒளிந்த திருடனும் தெரிவான். அவற்றின் முன்னால் ஒளிந்து உட்காருவது, கண்ணை மூடிக்கொண்ட பூனை கதைதான். போகும் இடத்தில் என்ன இருக்கிறது என்று முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள்.

தப்பி வருவதைப் பொறுத்தவரை கபடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறிப்போகும் ஆள் தொட்டுவிட்டால் மட்டும் புள்ளி கிடையாது, மூச்சு விடாமல் கோட்டுக்குத் திரும்பி வரவேண்டும். அதனால் நல்ல ஆட்டக்காரர் ஏறும்போதே திரும்பும் வழியைப் பார்த்துக்கொள்வார். திருடனும் தப்பிக்கும் ஸ்கில் ஒன்றை எப்போதும் கையில் மீதி வைத்திருக்க வேண்டும். ஓடுவதென்றால் ஹீலர் பக்கம் ஓடாதீர்கள். துரத்தும் எதிரியையும் கூட்டிக்கொண்டு டேங்க் பக்கம் ஓடுங்கள். பயத்தில் எல்லோரும் வைத்தியரிடம்தான் ஓடுவார்கள். புதியவர்களின் குழு கலைவது பெரும்பாலும் இந்த ஓட்டத்தில்தான்.

நம் ஊர் இன்டர்நெட்டும் கரண்டும்

வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் வராத இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம்.

ஒன்று, தாமதம். உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்துக்குப் பிங் என்று பெயர். சர்வர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்தால் அது மிகவும் கூடிவிடும். அப்படியானால் உங்கள் திரையில் தெரிவது எதிரியின் பழைய இடம். நீங்கள் பின்னால் நிற்பதாக நினைப்பீர்கள், சர்வரோ பக்கவாட்டில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். குத்து பலிக்காது. ஆகவே தெரிவதைவிட ஓரடி அதிகம் உள்ளே தள்ளி நில்லுங்கள். மந்திரத்தை நிறுத்தும் உதையையும் கடைசி நொடி வரை வைத்திருக்காதீர்கள். கேமில் சர்வரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் சிங்கப்பூர், மும்பை போன்ற அருகிலுள்ள இடத்தை எடுங்கள். முடிந்தால் வைஃபையை விட்டு கேபிளில் இணையுங்கள்.

இரண்டு, கரண்ட். லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ஆனால் மோடம் அணைந்துவிடுமே! மோடத்துக்கென்று விற்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்று வாங்கிவிடுங்கள். பாதிச் சண்டையில் திருடன் காணாமல் போனால், குழுவில் இருப்பவர்கள் கரண்ட் போனது என்று நினைக்கமாட்டார்கள். திருடன் ஓடிவிட்டான் என்றுதான் நினைப்பார்கள்.

அக்காவுக்குப் பதில்

இனி அக்கா கேட்ட கேள்வி. வேறு வேடமே இல்லையா, திருடன்தானா?

அந்தப் பெயர் பல பேரை உறுத்தியிருக்க வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸே 2000ல் வந்த மூன்றாம் பதிப்பில் திருடன் என்ற பெயரை விட்டுவிட்டு ரோக் என்று மாற்றிக்கொண்டது. ஆனால் பெயரைவிட முக்கியம் யாரிடம் திருடுகிறான் என்பது. 1997ல் வந்த அல்டிமா ஆன்லைனில் ஓர் ஆட்டக்காரரின் பையிலிருந்து இன்னோர் ஆட்டக்காரர் திருட முடியும். அதில் நிஜமாகவே மனக்கசப்பு வந்தது. ரக்னராக்கில் திருடன் திருடுவது எதிரி மிருகங்களிடம் மட்டுமே. அதுவும், அவன் எடுத்துவிட்டதால் அந்த எதிரி சாகும்போது மற்றவர்களுக்குக் கிடைக்க வேண்டியது குறைவதில்லை. ஃபைனல் ஃபேன்டஸி 11ல் இன்னும் ஒரு படி மேல். திருடன் கூட இருந்தாலே அரிய பொருள்கள் கிடைக்கும் வாய்ப்பு கூடும். எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

பெற்றோர்களுக்கு நான் சொல்வது, பெயரைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். கவலைப்பட வேண்டியது இரண்டே விஷயங்களுக்கு. எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பது ஒன்று. நிஜத் திருடன் இன்னொன்று. பார்ட்டியில் பத்து நாள் பழகியவர், "உன் பாஸ்வேர்டு கொடு, நான் லெவல் ஏற்றித் தருகிறேன்" என்பார். இலவச நாணயம் தருகிறேன் என்று லிங்க் அனுப்புவார். அவரிடம் கத்தியும் இருக்காது, திருடன் என்ற பெயரும் இருக்காது. பாஸ்வேர்டு, ஓ.டி.பி. இரண்டையும் யாருக்கும் தரக்கூடாது என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். கேமை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளட்டும். பணம் கட்டி ஆடும் சூதாட்டங்கள் வேறு வகை. அவற்றை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் சட்டம் தடை செய்திருக்கிறது. நாம் இங்கே பேசும் கேம்கள் அந்த வகை அல்ல.

இதையும் சொல்லிவிடுகிறேன். தன் வேகத்தை நம்பி முன்னால் ஓடாமல் இருப்பது, தான் தப்பினால் யார் மாட்டுவார்கள் என்று யோசிப்பது, யாரும் எண்ணிப் பார்க்காத வேலையைச் சரியாகச் செய்வது ஆகியவற்றைப் பையனுக்கு நாம் சொல்லிக் கொடுத்தால் கேட்கமாட்டான். நாலு நண்பர்கள் பார்ட்டியை விட்டுத் தூக்கினால் கேட்பான்.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் முன் இன்னொரு முறை எட்டிப் பார்த்தேன். மருமகன் ஹெட்செட் போட்டிருந்தான். டேங்க் ஆடுபவன் காரைக்குடியில் இருக்கிறானாம். இவன் கையைக் கட்டிக்கொண்டு நாலைந்து நொடி சும்மா இருந்தான். பிறகு சுற்றிப் போய் விலாப்பக்கம் நின்றான். உயிர் குறைந்ததும், பட்டனை அழுத்தும் முன் மைக்கில் சொன்னான்: "நான் ஒளியப் போறேன்டா. என்கிட்ட இருக்கறதை நீ பிடிச்சுக்க."

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "எதைடா அந்தப் பையன்கிட்ட பிடிக்கச் சொல்ற? உன் பொருளை நீ பிடி!"

அவளுக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வந்து விளக்க வேண்டும்.